கூடைக்கு ஒரு கை

முருகன் துணை

மூன்றாம் டிவிஷன் லயம்,
7.10.1979

அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த என் இல்லத்தரசி சாரதாவுக்கு,

உன் கணவன் சிங்காரம் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வரைவது. நான் இங்கே ஏதோ இருக்கிறேன். நீ அங்கே குறைவின்றி இருக்க அந்த வடிவேலனை வேண்டுகிறேன்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் போய் இன்றோடு ஒன்பது நாள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காதான், நீ கியா பார்மில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் கோபிஸ் வெட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். லயத்து வீடுகளில் கேட்பவர்களிடம் தைப்பிங்கில் உன் தங்கைக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லிக்கொள்.

புள்ளிக் கோழி முட்டையிட ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் பொரிக்கத் தெரியவில்லை. நேற்று சோறு அடிப்பிடித்துச் சட்டியே கறுத்துவிட்டது. தேயிலை பேக்டரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்குத் தெரியாது.

வேலம்மா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். பாவம்தான். ஆனால் மழை பெய்து மலை வழுக்கியதற்கு யார் என்ன செய்ய முடியும்? அதை மனசில் வைத்துக்கொண்டு நீ வீட்டை விட்டுப் போவது நியாயமா?

தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வந்துவிடு. மாடசாமி அண்ணன்கூட உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
உன்னையே நினைந்து வாடும்
சிங்காரம்


கியா பார்ம்,
10.10.1979

சிங்காரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. லயத்திலிருந்து இங்கே பத்துக் கல். தானா ராத்தா போய் பஸ் மாறினால் ஒரு மணி நேரம். நீங்களோ தபால்தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருகிறீர்கள். அதில் தங்கைக்கு வேறு சீக்கு. அவள் நன்றாக இருக்கிறாள். உங்கள் மானத்துக்காக அவளைப் படுக்கையில் தள்ளாதீர்கள்.

மழை பெய்து மலை வழுக்கியதாம்! எழுதும்போது கை கூசவில்லையா? ஒன்றும் தெரியாதவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து நானே எழுதுகிறேன். படியுங்கள்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் எங்களை மேய்க்கிற மாடசாமி மண்டோர் கூடைக் கயிற்றைச் சரிசெய்கிற சாக்கில் வேலம்மாவின் இடுப்பில் கை வைத்தான். அவள் கூடையைத் தூக்கி அத்தனை கொழுந்தையும் அவன் தலையில் கொட்டினாள். "உன் அம்மா இடுப்புல போய் வையிடா!" என்று மலையே கேட்கக் கத்தினாள். முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்திக்கும் ஆச்சரியம் இல்லை. அவன் கை எங்கெல்லாம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று மாலையே மாரியம்மன் கோயிலில் கூட்டம். மண்டோர்தான் கோயில் தலைவர். "புருஷன் செத்தவ, அவளுக்கு எவ்வளவு வாய் லா! இன்னிக்கு இவள விட்டா நாளைக்கு எல்லாப் பொம்பளையும் ஏறிடுவா" என்றான். ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கோயில் செயலாளர் நீங்கள் ஒரு தாள் எழுதி வாசித்தீர்கள். நல்ல மனிதர்மேல் வேலம்மா பழி சுமத்தியதால் அவளோடு லயத்து மக்கள் யாரும் பேச்சு வார்த்தை, கொண்டான் கொடுத்தான், கை உதவி எதுவும் வைத்துக்கொள்ளலாகாது என்று.

மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவளைச் சுற்றி நாலு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பைப்படியில் எல்லாரும் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை அவள் வாளியோடு தள்ளி நின்றாள். இதெல்லாம்கூடப் போகட்டும். கூடை?

நீங்கள் பேக்டரிக்காரர், மலையேறாதவர். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மழையில் நனைந்த கொழுந்துக் கூடையை ஒருத்தியாக முதுகில் ஏற்ற முடியாது. "கை குடு" என்றால் பக்கத்து நிரைக்காரி வந்து தூக்கிவிட வேண்டும். எந்தச் சண்டையானாலும் அதுமட்டும் நிற்காது. போன வருஷம் நானும் அம்மாக்கண்ணுவும் மூன்று மாதம் பேசவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே ஒருத்திக்கு ஒருத்தி கூடை தூக்கிவிட்டோம்.

நாலாம் நாள் நல்ல மழை. அடுத்த நிரையில் வேலம்மா. கூடை நிறைந்துவிட்டது. "சாரதாக்கா, ஒரு கை குடுங்கக்கா" என்றாள். நான் மேலே பார்த்தேன். மாடசாமி குடை பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான். நான் திரும்பிக்கொண்டு செடியில் கை வைத்தேன். என்ன கிள்ளினேன் என்றுகூடத் தெரியாது. பிறகு பார்த்தால் கையில் முற்றின இலை.

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மண்டிபோட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். வழுக்கிக் கூடையோடு உருண்டு வடிகால் கானில் விழுந்தாள். அவள் அலறினாள். முப்பது பேரும் நட்டு வைத்தது மாதிரி நின்றோம். கடைசியில் மருந்து அடிக்கிற லோரியில் வந்த தலைப்பாகை வங்காளி டிரைவர் ஒருத்தர் குதித்து இறங்கித் தூக்கினார்.

அன்றிலிருந்து என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சோறு பிசைந்தால் குமட்டுகிறது.

ஆனால் உங்களைப் பார்த்து அதைவிட அதிகமாகக் குமட்டுகிறது. போவதற்கு முன்னால் உங்கள் நோட்டைப் பார்த்தேன். மாடசாமி சொன்னது பேச்சு வார்த்தை வேண்டாம் என்று மட்டும்தான். மற்றதை அடித்து அடித்து நீங்களாகச் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ராத்திரி கூட்டத்திலிருந்து வந்து எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டி, "கை உதவின்னு போட்டதும் ஓசை நல்லா விழுதில்ல?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? ஓசை நன்றாகத்தான் விழுந்தது. கூடவே வேலம்மாவும் விழுந்தாள்.

அதே கோயிலில், அதே கூட்டத்தில், "நான் எழுதியது தப்பு" என்று இன்னொரு தாள் வாசியுங்கள். அன்றைக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். அதுவரை புள்ளிக் கோழியோடு குடும்பம் நடத்துங்கள்.

சாரதா


முருகன் துணை

மூன்றாம் டிவிஷன் லயம்,
16.10.1979

என் அன்புக்குரிய சாரதா,

உன் கடிதத்தைப் பேக்டரிக்குப் பின்னால் நின்று படித்தேன். கட்டிய கணவனுக்கு "அன்புள்ள" என்று ஒரு வார்த்தை போட உனக்கு மனம் வரவில்லையே.

நீ எளிதாகச் சொல்லிவிட்டாய். நான் குடியுரிமை இல்லாதவன், என் கையில் இருப்பது சிவப்பு ஐ.சி. வருஷம் தவறாமல் வேலை பர்மிட்டுக்காக ஆபீஸ் கிராணி முன்னால் கை கட்டி நிற்கிறவன் நான். மாடசாமி அண்ணன் கிராணி காதில் ஒரு வார்த்தை போட்டால் வேலையும் போகும், வீடும் போகும். இந்த ஊரில் பிறந்தவனையே ஊர்க்காரன் இல்லை என்கிற காலம் இது.

கூட்டத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபது பேரும் சரி என்றபோது நான் ஒருவன் எழுந்து என்ன சொல்ல? நான் எழுதாவிட்டால் வேறொருத்தன் பிழையோடு எழுதியிருப்பான். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் தூக்கிப்போட நாலு பேர் வேண்டாமா?

அங்கே குளிர் அதிகம். உன் நீலக் கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். பொத்தான் ஒன்று விழுந்திருந்தது, நானே தைத்தேன். தீபாவளிக்கு வந்துவிடு.

உன்
சிங்காரம்


கியா பார்ம்,
24.10.1979

சிங்காரம் அவர்களுக்கு,

கம்பளிச் சட்டை கிடைத்தது. பொத்தானை உள்பக்கமாகத் தைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, போட்டுக்கொண்டேன்.

செத்த பிறகு தூக்க நாலு பேர் வேண்டும் என்று இப்போதே கவலைப்படுகிறீர்கள். வேலம்மா உயிரோடு இருக்கும்போது ஒரே ஒரு கை கேட்டாள்.

பயம் என்கிறீர்கள். சிவப்பு ஐ.சி. எனக்குப் புரியாததா? எனக்கும்தான் பயம். பயந்ததற்காக உங்களை நான் வெறுக்கவில்லை. பயந்தவர் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாமே. நீங்கள் ரசித்து எழுதினீர்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

தீபாவளி அன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் கையைப் பிடித்துக்கொண்டு அழுவேன், அவள் மன்னிப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வெட்கக்கேடு. என்னைப் பார்த்ததும் வேலம்மா கதவைத்தான் பார்த்தாள். "ஏங்கா வந்தீங்க? யாராச்சும் பாத்துடப் போறாங்க, போயிடுங்க" என்றாள். எனக்காகப் பயப்படுகிறாள்! கொண்டுபோன முறுக்கை அவளால் ஒரு கையால் பிரிக்க முடியவில்லை. நான் பிரித்துக் கொடுத்தேன்.

அவள் லேபர் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டாள். நவம்பர் 12, திங்கட்கிழமை, தானா ராத்தாவில் விசாரணை. மண்டோருக்கு நற்சாட்சி சொல்ல எஸ்டேட் லோரியில் பத்துப் பெண்கள் வருகிறார்களாம். வேலம்மா பக்கம் யாரும் இல்லை. நான் போகப்போகிறேன்.

போனால் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் உர ஸ்டோருக்குள் அவன் என்னிடம் நடந்துகொண்டதைச் சொல்வேன். அன்று மாலை உங்களிடம்தான் அழுதுகொண்டு சொன்னேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? கதவைச் சாத்தினீர்கள். ரேடியோவைச் சத்தமாக வைத்தீர்கள். "வெளிய சொன்னா உனக்குத்தான் அசிங்கம், விட்டுடு லா" என்றீர்கள். அடுத்த மாதம் அவன் உங்களைக் கோயில் செயலாளர் ஆக்கினான். நான் வாயை மூடிக்கொண்டேன், உங்கள் மரியாதைக்காக.

ஆக, "பழி சுமத்தினாள்" என்று எழுதும்போதே அது பழி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறுபது பேரில் மற்றவர்களாவது அரைகுறையாகத் தெரிந்தவர்கள். நீங்கள் என் வாயால் கேட்டவர்.

கோயிலில் தாள் வாசிக்கச் சொன்னேனே, அதைக்கூட விட்டுவிடுகிறேன். அன்று காலை ஒன்பது மணிக்கு வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். சும்மா நின்றால் போதும். எனக்குத் தனியாகச் சொல்ல நடுக்கமாக இருக்கிறது.

சாரதா


(படித்தவுடன் கிழித்துவிடவும்)

8.11.1979

அன்புள்ள சாரதா,

இனி நீ எதற்கும் கலங்க வேண்டாம். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

லேபர் ஆபீசருக்கு நாலு பக்கம் எழுதிவிட்டேன். மண்டோரின் ஆட்டம், கொழுந்து நிறுக்கிற இடம், உர ஸ்டோர், வேலம்மா விழுந்தது எல்லாம் விளக்கமாக இருக்கிறது. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. என் கையெழுத்தை லயத்தில் எல்லாருக்கும் தெரியும் அல்லவா? அதனால் இடது கையால் எழுதினேன். மூன்று ராத்திரி ஆயிற்று. இங்கே போட்டால் முத்திரையில் தெரிந்துவிடும் என்று லீவு போட்டு, பஸ் ஏறித் தாப்பாவுக்கே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அந்த வளைவுகளில் இரண்டு தரம் வாந்தி. கீழே "உண்மை விளம்பி" என்று போட்டிருக்கிறேன்.

எனவே 12ஆம் தேதி நீ போகாதே. உன் வாயால் அந்த அசிங்கத்தைச் சொல்ல வேண்டிய அவசியம் இனி இல்லை. வேலம்மாவுக்கும் நியாயம் கிடைக்கும், நமக்கும் பெயர் கெடாது. நான் வந்து நின்றால் எல்லாம் வெளியாகிவிடும், புரிந்துகொள்.

உன் கணவன்


கியா பார்ம்,
14.11.1979

கிழிக்கவில்லை. வைத்திருக்கிறேன்.

நான் போனேன். ஒன்பது மணியிலிருந்து ஒன்பதே முக்கால்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாப்பாவுக்கு முப்பத்தேழு மைல் போய் வாந்தி எடுக்க முடிந்தவருக்குத் தானா ராத்தா வர முடியவில்லை.

உங்கள் நாலு பக்கத்தை ஆபீசர் மேசையில் வைத்திருந்தார். "இதை எழுதின உண்மை விளம்பி இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார். "பேர் போடாத கடிதத்தை நான் சாட்சியா எடுத்துக்க முடியாதுங்க" என்று மடித்து ஓரமாக வைத்துவிட்டார். அவ்வளவுதான் உங்கள் மூன்று ராத்திரி.

பிறகு நான் எழுந்தேன். உர ஸ்டோரைச் சொன்னேன். வேலம்மா கை கேட்டும் நான் கொடுக்காததையும் சொன்னேன். மாடசாமி சிரித்துக்கொண்டே கேட்டான். "இவ்வளவு நடந்திருந்தா இவ புருஷன் ஏன் வரல? சிங்காரமே எனக்கு வேண்டியவன் லா." ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பதினோரு வருஷம் உங்களோடு வாழ்ந்ததில் அதைப்போல் ஒரு வெட்கம் பட்டதில்லை.

அப்போது பின்னால் ஒரு நாற்காலி சத்தம். லோரியில் மண்டோருக்கு நற்சாட்சி சொல்ல வந்த அம்மாக்கண்ணு எழுந்து நின்றாள். தலை முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டு, "எனக்கும் நடந்திருக்குங்கையா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மாடசாமியின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

முதல் ஆள் எழுந்தால் போதும் போலிருக்கிறது. அது அன்றைக்குக் கோயிலில் நீங்களாக இருந்திருக்கலாம். மலையில் நானாக இருந்திருக்கலாம்.

சாரதா


முருகன் துணை

மூன்றாம் டிவிஷன் லயம்,
10.2.1980

வாழ்வின் ஒளியே, என் சாரதா,

நல்ல செய்தி! மாடசாமியை எஸ்டேட் துரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பெட்டி படுக்கையோடு கீழே ஏதோ ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டான். போன அன்று ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது யாரைக் கேட்டாலும் "எங்களுக்கு அப்பவே தெரியும் லா" என்கிறார்கள்.

இன்னொன்று கேள். உண்மை விளம்பி யார் என்று லயமே பேசிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு கோயில் கூட்டத்தில் நான் எழுந்து, "அது அடியேன்தான்" என்றேன். அசந்துபோனார்கள்! இடது கையால் எழுதிக்கூடக் காட்டினேன். அங்கேயே மாலை போட்டு என்னைக் கோயில் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அநியாயத்தை எதிர்த்த முதல் ஆள் என்று எல்லாரும் பேசுகிறார்கள்.

பங்குனித் திருவிழாவில் வேலம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறோம். வாழ்த்து மடல் என் பொறுப்பு. முதல் வரி இது: "கொடுமையைக் கண்டு பொங்கிக் கூடையைத் தூக்கிய கோதையே!" எப்படி இருக்கிறது? ஓசை நன்றாக வந்திருக்கிறது அல்லவா? அவளும் உன்னோடுதான் கோபிஸ் வெட்டுகிறாளாம். கூட்டிக்கொண்டு வந்துவிடு. தலைவர் மனைவி என்று உனக்கு முன்வரிசையில் நாற்காலி. இனி நமக்குள் என்ன குறை?

ஆவலுடன்,
சிங்காரம்
தலைவர், மாரியம்மன் ஆலயம்


கியா பார்ம்,
17.2.1980

சிங்காரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வேலம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோதை வரியைக் கேட்டு, "யாருக்கா அது, நானா?" என்றாள். பிறகு, "வேணாம்னு எழுதிடுங்க" என்றாள். அவள் கை வளைந்துதான் கூடியிருக்கிறது. தோளுக்குமேல் தூக்க முடியாது. நீங்கள் பொன்னாடை போட்டால் நழுவும்போது பிடித்துக்கொள்ளக்கூட அவளால் ஆகாது. அந்த அறுபது பேரில் ஒருத்தராவது ஆஸ்பத்திரிக்கு வந்தார்களா? இப்போது கைதட்ட வருகிறார்களாம். தூ.

நீங்கள் எழுந்து நிற்கவில்லை என்பதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். பயந்தவரோடு வாழலாம். நானே பயந்தவள்தான். ஆனால் பெயர் போட வேண்டிய அன்று ஆபீசர் கூப்பிட்டார், உங்கள் பெயர் வரவில்லை. மாலை கிடைக்கிற அன்று யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டது. முதல் ஆளாம்! அம்மாக்கண்ணு அதே லயத்தில்தானே இருக்கிறாள்? அவள் முகத்துக்கு முன்னால் இதை எப்படிச் சொன்னீர்கள்?

இந்த மனிதரோடு என்னால் ஒரே சட்டியில் சோறு தின்ன முடியாது. முன்வரிசை நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள். என் தகரப் பெட்டியை மட்டும் அம்மாக்கண்ணு வீட்டில் வைத்துவிடுங்கள். புள்ளிக் கோழியையும் அவளுக்கே கொடுங்கள், நீங்கள் தண்ணீர் வைக்க மறந்துவிடுவீர்கள். நீலக் கம்பளிச் சட்டையை நான் வைத்துக்கொள்கிறேன். பொத்தானைப் பிரித்துச் சரியாகத் தைத்துவிட்டேன்.

பதில் எழுத வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பெயர் போடாமல் எழுதுங்கள். உங்களுக்கு அதுதான் நன்றாக வரும்.

பிரிஞ்சாங் பாசாருக்குப் போகிற லோரி வந்துவிட்டது. தவுக்கே கூப்பிடுகிறார், கோபிஸ் கூடைகளை ஏற்ற வேண்டும். வேலம்மா ஒரு கையால் கூடையை இழுத்துக்கொண்டு நிற்கிறாள். "அக்கா" என்று அவள் கூப்பிடுவதற்குள் நான் போய்விட வேண்டும்.

இராமையா மகள்
சாரதா